ஒன்றரை

இரவு பத்துக்கு ஒன்றரை மாத்திரை.
ஒன்றை அப்படியே விழுங்கலாம்.
இன்னொன்றைப் பாக்குவெட்டியில் வைத்து நறுக்க வேண்டும்.
இந்த வீட்டில் வெற்றிலை போடுபவர் யாருமில்லை.
பகாவ் சந்தையில் ஆறு வெள்ளிக்கு
இதற்கென்றே வாங்கி வந்தார் சீலன்.

நாற்பத்திரண்டில் ஒன்று என்றது தாள்.
பன்னிரண்டாம் வாரத்து இரத்தம்,
சிரம்பான் ஆஸ்பத்திரி ஸ்கேனில்
கருப்பைக்குப் போகும் குழாய்களின் இரைச்சல்,
இரண்டு கைகளிலும் அளந்த அழுத்தம்,
அப்புறம் முன்கதை,
எல்லாவற்றையும் போட்டுக் குலுக்கி
எடுத்த எண்.

முன்கதைக்கு விட்டிருந்த கட்டத்தில்
மிஸ்ஸி ரொஹானி எழுதியது ஒரே வரி.
முப்பத்தோராம் வாரம். கையுறைத் தொழிற்சாலை. இரவு ஷிப்டு.
கண்ணுக்குள் மின்மினி பறந்தது.
சங்கிலியில் தொங்கி நகர்ந்த பீங்கான் கைகள் எல்லாம்
எனக்கு டாட்டா காட்டிக்கொண்டே போயின.
விழித்தபோது வயிறு தட்டையாக இருந்தது.
இதெல்லாம் அந்த வரியில் இல்லை.

சீலன் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.
எண்களோடு புழங்குகிறவர்.
"நாப்பத்திரண்டு குலையில ஒண்ணுதான் அழுகல்னா
அது நல்ல லோடு" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"நம்ம பங்கு ஒண்ணு ஏற்கெனவே வந்திருச்சில்ல" என்றார்.
கணக்கு அப்படி ஓடாது என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
நான் சோற்றில் மோரை ஊற்றினேன்.

பெட்டியில் இதயப் படம் போட்டிருக்கிறது.
"மாரடைப்புக்காரங்க போடுறதாச்சே இது,
எங்க மாமனார் அஞ்சு வருஷமா போடுறாரு,
ரத்தத்தைத் தண்ணியாக்கிடும்" என்றாள்
பக்கத்து வீட்டுக் கொடிமலர்.
"அவர் எப்படி இருக்காரு?"
"அவருக்கென்ன, சீட்டாடப் போயிருக்காரு."

காய்ச்சலுக்குப் போட்டால் காய்ச்சல் இறங்கும்.
இது வராததற்குப் போடும் மருந்து.
வராமலே போய்விட்டால்
மாத்திரை தடுத்ததா,
இல்லை, அது வருவதாகவே இல்லையா?
டாக்டர் சுஹைலாவிடம் கேட்டேன்.
பேனாவை மூடி வைத்துவிட்டு
"அதை யாராலும் சொல்ல முடியாது, புவான்" என்றார்.
அன்றுதான் அவரை நம்பத் தொடங்கினேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள்
ஓர் அரை மிஞ்சும்.
போத்தல் மூடியில் வைத்துவிடுவேன்.
வெட்டுப்பட்ட பக்கம் மாவாய் உதிர
மறுநாள் இரவு வரை கிடக்கும்.
ஆலைப் புகை வாடை அதிலும் ஏறும் என்று நினைப்பேன்.

மழையில் கரண்டு போன ஒரு வியாழன்
ஒன்பதுக்கே தூங்கிப்போனேன். போனிலும் பேட்டரி இல்லை.
இரண்டு மணிக்குத் திடுக்கிட்டு எழுந்து
இருட்டில் தடவித் தடவி
முழுசு எது, அரை எது என்று
விரலால் பார்த்துப் போட்டேன்.
நாக்கில் பாதி கரைந்தது.
கசப்பில்லை, லேசான புளிப்பு.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளினிக்.
மேலே நூற்றுப் பதினாறு, கீழே எழுபத்து நான்கு.
மூத்திரத்தில் முக்கிய தாள்
மஞ்சளாகவே நிற்கும்.
"பாகுஸ்" என்பார் மிஸ்ஸி,
நான் ஏதோ பரீட்சை எழுதியதுபோல.
எழுதவில்லை. இரவில் எழுந்து தண்ணீர் குடித்தேன், அவ்வளவுதான்.

முப்பத்தோராம் வாரம் ஏழு நாள்தான்.
எனக்கு அது ஒரு மாதம்.
சுவரில் தெரிந்த ஒவ்வொரு பளிச்சுக்கும்
சீலனைக் கூப்பிட்டுக் கேட்டேன்,
உங்களுக்கும் தெரியுதா?
குலை லோரியின் விளக்கு, எனக்கும் தெரியுது என்பார்.
ஒருமுறை அவர் தெரியாமலே
தெரியுது என்றார் என்று சந்தேகம்.
கேட்டுக்கொள்ளவில்லை.

முப்பத்தாறில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.
மூடியில் ஓர் அரை மிச்சம்.
பாக்குவெட்டி ஜன்னலோரம்.
அலாரத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை.
பத்து மணிக்கு அடிக்கிறது.
சீலன் எழுந்து போய் தண்ணீர் கொண்டு வருகிறார்.
வாங்கிக் குடிக்கிறேன்,
வெறும் தண்ணீரை.